எதன் மேல் இருந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறை நாட்களில் ஓர் இயற்கை நடைக் குழுவோடு போய்வருகிறேன். எல்லோரும் பறவைகளைத் தேடி அண்ணாந்து பார்க்கிறார்கள். என் கண்ணில் படுவதெல்லாம் பாறையிலும் மரப்பட்டையிலும் இருக்கும் பாசியும் லைக்கனும்தான். நான் குனிந்து உட்கார்ந்தால் குழு முன்னே போய்விடுகிறது. பெயர் கண்டுபிடிக்க நல்ல செயலி எது? லைக்கன் படர்ந்தால் மரம் பட்டுப்போகும் என்கிறார்களே, உண்மையா? நான் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். பெயர் சொல்ல முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

எல்லோரும் அண்ணாந்து நிற்கும்போது குனிகிற ஒருவர் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. யாருக்காகவும் அதை விட்டுவிடாதீர்கள்.

மரம் பட்டுப்போகாது. லைக்கன் என்பது பூஞ்சையும் நுண்ணிய ஆல்காவும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர். அது பட்டையின் மேல் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. நலிந்த மரத்தில் இலை உதிர்ந்து வெளிச்சம் கூடுவதால் அங்கே அது செழிக்கிறது, பழியும் அதன் மேல் விழுகிறது. செயலி எது என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். படத்தை மட்டும் வைத்துப் பேரினம் வரை போனாலே பெரிது.

உங்கள் படங்களைப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. ஆரஞ்சு நிற மடல்கள் படம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. விளிம்பு துல்லியம், நிறம் அருமை. ஆனால் அது எதன் மேல் இருந்தது? கருங்கல்லா, சுண்ணாம்புக்கல்லா, பழைய சிமென்ட் தூணா? உயிருள்ள மரமா, விழுந்து மட்கும் கட்டையா? மழை வழிகிற பக்கமா, மழையே படாத பக்கமா? ஒரு சொல்கூட எழுதவில்லை. இவற்றுக்கு மண்ணுக்குள் இறங்கித் தேடும் வேர் கிடையாது. மேலே விழுகிற நீரும் காற்றும், தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பும்தான் இவற்றின் உலகம். முகவரியைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள்!

நான் முதலில் சேர்ந்த குழுவை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தினார். உள்ளங்கையில் வைத்து நீட்டப்படும் எதையும் அவர் பார்க்கவே மாட்டார். ஒருநாள் ஓர் இளைஞன் கட்டைவிரல் அகலப் பாசித் திண்டு ஒன்றைப் பெயர்த்து எடுத்துவந்தான். "எங்கே இருந்தது?" என்றார். "அந்தச் சுவரில், டீச்சர்." "சுவரில் எங்கே?" அவனுக்குத் தெரியவில்லை. மொத்தக் குழுவையும் திருப்பி நடத்திவிட்டார். சிலர் முணுமுணுத்தார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கருங்கல் சுவர் அது. அருகே போய்ப் பார்த்தால், பாசித் திண்டுகள் கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புச் சாந்தின் மேல் மட்டுமே வரிசையாக உட்கார்ந்திருந்தன. கல்லின் மேல் ஒன்றுகூட இல்லை. பையிலிருந்து வினிகரை எடுத்து, பாசி இல்லாத இடத்தில் சாந்தில் ஒரு சொட்டு விட்டார், நுரைத்துப் பொங்கியது. கல்லில் விட்டார்; சும்மா வழிந்தது. அதற்குப் பிறகுதான் லென்ஸைத் தந்தார். இலை ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளிமுடி போல ஓர் இழை. காய்ந்து முறுக்கியிருந்த இலைகள், தண்ணீர் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்தன. நிமிர்ந்து நின்ற வித்துறையின், அதாவது பாசியின் வித்துகள் இருக்கும் சிறு உறையின், வாயில் மெல்லிய பற்கள் திருகுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. டார்டுலா முராலிஸ் என்ற பெயரை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சொன்னார். பிறகு அந்தத் திண்டை அதே இடுக்கில் வைத்து அழுத்திவிடச் சொன்னார். இளைஞன் இரண்டு கைகளாலும் அதைச் செய்தான்.

லைக்கன் ஆய்வில் வேதிச் சோதனையைப் புகுத்தியவர் பின்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைலாண்டர். லைக்கன் மேல் வேதிக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, மாறும் நிறத்தை வைத்துப் பெயர் சொல்லக் கற்றுக்கொடுத்த அதே மனிதர்தான், 1866இல், பாரிஸின் மற்ற பகுதிகளில் இல்லாத லைக்கன்கள் லக்சம்பர்க் தோட்டத்தில் இருப்பதைக் கவனித்து, காற்றின் தூய்மைக்கு இவை அளவுகோல் என்று எழுதினார். எது என்பதோடு அவர் நின்றிருந்தால் இது கிடைத்திருக்குமா?

உங்கள் ஆரஞ்சு மடல்கள் சாந்தோரியா வகையாக இருக்கலாம். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அந்த வகை நைட்ரஜன் மிகுந்த இடங்களை விரும்புவது. பறவைகள் வழக்கமாக உட்கார்ந்து எச்சமிடும் பாறை உச்சிகளில் செழித்து வளரும். உங்கள் குழுவினரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்த இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? எந்தப் பாறையில் பறவை வந்து அமரும் என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லலாம்.

அடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் மூன்று படம் எடுங்கள்: பத்தடி தள்ளி நின்று ஒன்று, கை நீளத்தில் ஒன்று, அதன் பிறகு உங்களுக்குப் பிடித்த அந்த அண்மைப் படம். லென்ஸ் பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு நீங்கள்தான் பாறையிடம் போக வேண்டும். எதையும் சுரண்டி எடுக்காதீர்கள். பாறையோடு ஒட்டிப் படரும் லைக்கன்களில் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை.