கருமணலில் ஓயாமல் கத்தும் மெட்டல் டிடெக்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் என் மனைவியின் தங்க மோதிரம் விரலிலிருந்து நழுவி மணலில் விழுந்துவிட்டது. விழுந்த இடம் ஏறத்தாழத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் தந்த மெட்டல் டிடெக்டரைக் கொண்டு தேடினேன். அது ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரண வகை. வீட்டுத் தோட்டத்தில் புதைத்த நாணயத்தைத் தெளிவாகக் காட்டும் அந்தக் கருவி, கருமணல் படிந்த ஈரக்கரையில் நிற்காமல் கத்துகிறது. கருவி பழுதா, அல்லது அதில் மாற்றி வைக்க வேண்டியது ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. தோட்டத்தில் ஒழுங்காக வேலை செய்யும் கருவி கரையில் மட்டும் தடுமாறினால், அது மணலையே உலோகமாக எண்ணிக் குரல் கொடுக்கிறது என்று பொருள்.

கருவியின் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மணலுக்குள் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அதன் எதிரொலி சற்றுத் தாமதமாகப் பெறுசுருளை வந்தடைகிறது. அந்தத் தாமதத்தின் அளவைக் கொண்டே கருவி பொருள்களைப் பிரித்தறிகிறது. கடற்கரையில் மோதிரத்தைத் தவிர வேறு இரண்டும் எதிரொலிக்கின்றன. மேக்னடைட் போன்ற காந்தத் தாது ஏறக்குறையத் தாமதமே இல்லாமல் எதிரொலிக்கும். மின்சாரத்தை ஓரளவு கடத்தும் உப்புநீரோ ஏறத்தாழக் கால் சுற்று தள்ளி எதிரொலிக்கும். ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்னும் அமைப்பு ஒரு குறிப்பிட்ட தாமதத்தோடு வரும் எதிரொலியை மட்டும் அடக்கக்கூடியது. ஆகவே ஒற்றை அதிர்வெண் கருவியில் தாதுவை அடக்கினால் உப்பு கத்தும், உப்பை அடக்கினால் தாது கத்தும்.

உங்கள் சந்தேகம் கருமணலின் மேல் விழுந்திருக்கிறது. எனக்கோ உப்புநீரின் மேல்தான் சந்தேகம் அதிகம். மணவாளக்குறிச்சி மணலுக்குக் கருமை தருவது பெரும்பாலும் இல்மனைட். அதனோடு கார்னெட், சிர்க்கான், மோனசைட், ரூட்டைல் ஆகியவை கலந்திருக்கும். (திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட்டை அடையாளம் கண்ட பின்பே இக்கரை உலகின் கண்ணில் பட்டது.) இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாதுவே என்றாலும், சாதாரண வெப்பநிலையில் அதன் காந்தத் தன்மை மேக்னடைட்டோடு ஒப்பிடத் தக்கதன்று. அடர்ந்த படிவாக இருந்தால் கருவிக்கு எட்டும். ஆனால் ஓயாமல் கத்த வைக்கும் அளவுக்கு அது மட்டுமே காரணமாக இருப்பது அரிது.

இதை ஊகமாக விடாமல் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய ஒலிபெருக்கியில் இருக்கும் சாதாரணக் காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உலர்ந்த கருமணலில் துழாவிப் பாருங்கள். மணிகள் பையின் மேல் மயிர்போலச் சிலிர்த்து ஒட்டினால் அது மேக்னடைட். சாதாரணக் காந்தத்துக்கு அசையாமல் கிடந்து, வலுமிக்க நியோடிமியம் காந்தத்துக்கு மட்டும் எழுந்து வந்தால் பெரும்பாலும் அது இல்மனைட்டே. கிரவுண்ட் பேலன்ஸ் அளவை எண்ணாகக் காட்டும் கருவி உங்களுடையது என்றால், அந்த எண்ணும் ஒரு சாட்சி. ஃபிஷர் எஃப்75 போன்றவற்றில் ஈரமான உப்பு மணல் 0 முதல் 10 வரையிலும், மேக்னடைட் 75-க்கு மேலும் எண் காட்டும். பிற நிறுவனங்களின் அளவுகோல் மாறுபடும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கருவியைச் சீரமைக்கும் முறை. முதலில் சென்சிடிவிட்டியை, அதாவது எதிரொலியைக் கருவி பெருக்கிக் காட்டும் அளவை, பாதியளவுக்குக் குறையுங்கள். இதைச் சொன்னால் பலரும் ஆழம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் பாதிதான் நியாயம். சிறு பொருளின் எதிரொலி ஆழம் கூடக்கூட மிக வேகமாகத் தேய்வதால், பெருக்கத்தைப் பாதியாக்கினாலும் ஆழம் பாதியாவதில்லை: 25 செ.மீ. அகலமுள்ள சுருள் 20 செ.மீ. ஆழத்தில் காட்டிய மோதிரத்தை, கணக்கின்படி, ஏறத்தாழ 17 செ.மீ. ஆழத்தில் காட்டும். நீங்கள் இழப்பது மூன்று சென்டிமீட்டர். அதற்கு ஈடாகக் கிடைப்பது, மணலின் கூச்சலில் மூழ்காத கருவி. சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைத்துக்கொண்டு கூச்சலுக்கு நடுவே மோதிரத்தின் குரலுக்குக் காது கொடுப்பது வீண்வேலை.

அடுத்து கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட இடத்தில், எல்லா உலோகங்களையும் காட்டும் நிலையில் கருவியை வைத்து, சுருளை மணலுக்கு 30 செ.மீ. மேலிருந்து 5 செ.மீ. வரை இறக்கியும் ஏற்றியும், இறங்கும்போதும் ஏறும்போதும் ஒலி ஒரே அளவாக இருக்கும்வரை திருத்துங்கள். இதைத் தேடப்போகும் அதே ஈரநிலையில் செய்ய வேண்டும். உலர்மணலில் சரிசெய்துவிட்டு ஈரமணலுக்கு இறங்குவதுதான் இதில் பலர் சறுக்கும் இடம். அதே காரணத்தால், கடலை நோக்கிச் சென்று திரும்பாமல் அலை ஓரத்துக்கு இணையாகவே நடந்து தேடுங்கள். ஒரே ஈரப்பதமுள்ள பட்டையில் நீங்கள் இருக்கும்வரை செய்த திருத்தம் நிலைக்கும். அடுத்த பட்டைக்கு மாறும்போது மறுபடியும் சரிசெய்துகொள்ளுங்கள். தானாகவே தரையைத் தொடர்ந்து சரிசெய்யும் வசதி கருவியில் இருந்தால், அது மென்மையான குரலுள்ள சிறு மோதிரத்தையும் தரையாகக் கருதி மறைத்துவிடக்கூடும். ஐயத்துக்குரிய இடத்தில் அதை நிறுத்திவிடுவது நல்லது.

சுருளை மணலில் உரசாமல் மூன்று, நான்கு செ.மீ. உயர்த்தி, உயரம் மாறாமல் மெதுவாக வீசுங்கள். உயர்த்தினால் மேல்மணலின் எதிரொலி கணிசமாகக் குறையும். வீச்சின் முனையில் சுருள் மேலே எழுந்தால் அதுவே ஒரு போலிச் சத்தமாகும். சிறிய சுருள் கிடைத்தால் அதைப் பொருத்துங்கள். ஒரே நேரத்தில் குறைந்த மணலையே பார்ப்பதால் இத்தகைய கரையில் அது பெரியதைவிட நன்றாக உழைக்கும்.

ஆணியையும் பாட்டில் மூடியையும் ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை அறவே நிறுத்திவிடுங்கள். மெல்லிய தங்க மோதிரம் அலுமினியத் தாளும் குளிர்பானக் கேன் வளையமும் வரும் அதே வரிசையில்தான் வரும்; அவற்றை ஒதுக்கினால் மோதிரமும் ஒதுங்கும். இதே அளவுள்ள வேறொரு மோதிரத்தை வலுவான நூலில் கட்டி (நூலை மறந்துவிடாதீர்கள், ஒன்றுக்கு இரண்டாக இழக்க வேண்டியிருக்கும்) 5, 10, 15 செ.மீ. ஆழங்களில் அதே மணலில் புதைத்துக் குரல் எப்படியிருக்கிறது என்று பழகிக்கொண்டு தேடுங்கள்.

கருமணல் வரிகளைத் தவிர்த்துவிட்டு வெண்மணலில் மட்டும் தேடலாமே என்றும் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, இல்மனைட்டினுடையது ஏறத்தாழ 4.7. தென்மேற்குப் பருவக் காலத்து அலைகள் இலேசானதை அடித்துச் சென்று கனமானதை விட்டுச் செல்வதால்தான் அந்தக் கரிய வரிகளே உண்டாகின்றன. 22 காரட் தங்கத்தின் அடர்த்தி 17-க்கு மேல். அலை எட்டும் இடத்தில் மோதிரம் விழுந்திருந்தால், அது தங்குவதற்கு வாய்ப்புள்ள இடமும் அந்த வரிதான்.

கேள்வி: இங்கே பீஹா, முரிவாய்க் கரைகளின் மணலும் கருமையானது. என்னிடம் பல அதிர்வெண்களில் இயங்கும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் கருவி இருக்கிறது. அப்படியிருந்தும் அது சில இடங்களில் குழம்புவது ஏன்?
– ஒரு வாசகர், ஆக்லாந்து, நியூசிலாந்து

பதில்: மேலே கண்ட நாகர்கோவில் வாசகருக்குச் சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. நியூசிலாந்து வடதீவின் மேற்குக் கரையில் இருப்பது எரிமலைப் பாறைகளிலிருந்து வந்த டைட்டனோமேக்னடைட். சாதாரணக் காந்தத்துக்கே கொத்தாக ஒட்டும் உண்மையான இரும்புமணல். தெற்கே தாஹாரோவாவில் அதைத் தோண்டி எஃகு ஆலைகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்.

உப்புநீரின் எதிரொலி அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். மேக்னடைட்டின் எதிரொலி பெரிதும் மாறாது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தியே பல அதிர்வெண் கருவி இரண்டையும் ஒருங்கே கழித்துப் பார்க்கிறது. ஆனால் கழிப்பதற்கு முன்பே பெறுசுற்று நிரம்பி வழிந்துவிட்டால் கணக்குப் போட எதுவும் மிஞ்சாது. உங்கள் கருவி குழம்புவதன் காரணம் பெரும்பாலும் அதுவே. கடற்கரைக்கான இரண்டு நிலைகளில் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதில் செலுத்தும் ஆற்றல் குறைவு. பிறகு சென்சிடிவிட்டியைக் குறைத்து, சுருளைச் சற்று உயர்த்துங்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, பல்ஸ் வகைக் கருவி வாங்கிவிட்டால் போதாதா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: கருமணலும் உப்புநீரும் சேர்ந்த கரைக்கு அது உண்மையிலேயே ஏற்ற வகை. துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, சில மைக்ரோவினாடிகள் காத்திருந்து, பிறகே அது காது கொடுக்கிறது. மேக்னடைட்டின் எதிரொலி துடிப்போடு நின்றுவிடும், உப்புநீரின் எதிரொலி சில மைக்ரோவினாடிகளில் தேய்ந்துவிடும், மோதிரத்தின் எதிரொலி அதற்குப் பிறகும் நீடிக்கும். காத்திருக்கும் நேரத்தை 10 மைக்ரோவினாடியை ஒட்டி வைத்துத் தொடங்குங்கள். உப்பு கத்தினால் மட்டும் 15 வரை உயர்த்துங்கள். மேலும் உயர்த்தினால் மெல்லிய சங்கிலியும் சிறு கம்மலும் உப்போடு சேர்ந்து மறையும். இந்த வகை இரும்பையும் தங்கத்தையும் நம்பத்தகுந்த முறையில் பிரித்துச் சொல்லாது என்பதால், துருப்பிடித்த ஆணிகளையும் பாட்டில் மூடிகளையும் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். காணாமற்போன ஒரே ஒரு மோதிரத்துக்காக வாங்குவதாக இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதந்தோறும் கரைக்குச் செல்லும் பழக்கமும் குனிந்து தோண்டப் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.