ஈசிஜியில் லீட் 1 தலைகீழாக வருகிறதா?

ஆய்வுக்கு எடுத்த ஈசிஜியில் (இதயத்தின் மின்துடிப்பைக் கோடாக வரைவது) லீட் 1இல், அதாவது இரு கைகளுக்கிடையே பதியும் கோட்டில், பி, கியூஆர்எஸ், டி அலைகள் மூன்றும் தலைகீழ், வழக்கமாகத் தலைகீழாக வரும் ஏவிஆர் (வலக்கைப் பக்கக் கோடு) நிமிர்ந்து நிற்கிறது என்கிறீர்கள். இதயம் வலப்பக்கமா என்று பயப்பட முதல் கை வயர்களைப் பாருங்கள், அநேகமாக மாறிப்போயிருக்கும். கட்டிலின் காலடியில் நின்று மாட்டினால் நடக்கிற பிழைதான். சிவப்பு வலக்கை, மஞ்சள் இடக்கை: உங்களுடையதல்ல, நோயாளியுடையது!

நெஞ்சில் ஒட்டும் வி1 முதல் வி6 வரையான லீட்களைப் பாருங்கள். ஆர் அலை (கியூஆர்எஸ்ஸில் மேலே எழும் கூர்முனை) படிப்படியாக உயர்ந்தால் வயர்தான். சிறுத்துக்கொண்டே போனால் வலப்பக்க இதயத்தை யோசிக்கலாம்.

திரும்ப எடுக்கும்போது வியர்வையைத் துடையுங்கள். மட்டக்களப்பு வெக்கையில் கோடு அலையும். பிழையான தாளில் "கை வயர் மாறியது" என்று எழுதி, ஆய்வுத் தரவிலிருந்து விலக்குங்கள்.

நெஞ்சுவலிக்காரர் என்றால் வயரோடு மினக்கெடாமல் உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள்.