கழுத்துத் தோலை இறுக்கும் அறுவை சிகிச்சைக்கு இ.எம்.ஐ. எடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 52, மாதச் சம்பளம் 42,000 ரூபாய். கணவர் சிறு கடை நடத்துகிறார். 14 கிலோ எடை குறைத்த பிறகு என் கழுத்துத் தோல் தொங்கிவிட்டது. ‘நெக் லிஃப்ட்’ செய்ய 1,90,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். 14 சதவீத வட்டியில் 36 மாத இ.எம்.ஐ. வசதியும் உண்டாம். மருத்துவக் காப்பீடு கிடைக்குமா? இல்லையென்றால் 3,00,000 ரூபாய் வைப்பு நிதியை உடைக்கலாமா? மூன்று மாதத்தில் மகளுக்குத் திருமணம்.

பதில்: உங்கள் விருப்பத்தை வீண் ஆடம்பரம் என்று நான் கருதவில்லை. உழைத்து எடையைக் குறைத்தவருக்குக் கண்ணாடியில் அதன் பலனைக் காண உரிமை உண்டு. ஆனால் அந்தச் செலவு எவ்வளவு என்பதையே உங்களுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது.

முதலில் காப்பீடு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பையும், மருத்துவரீதியாகத் தவிர்க்க முடியாத சிகிச்சையையும் தவிர, தோற்றத்தை மாற்றும் அறுவை சிகிச்சைகள் நம் மருத்துவக் காப்பீடுகளின் பொது விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே அதை நம்ப வேண்டாம். மற்ற பெரும்பாலான மருத்துவச் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்றாலும், அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு 18 சதவீதம் கட்ட வேண்டும். 1,90,000 ரூபாய் என்பது வரி சேராத தொகை என்றால், அதன் மேல் 34,200 ரூபாய் கூடி 2,24,200 ஆகும். இரத்தப் பரிசோதனை, மருந்து, கழுத்தைச் சுற்றி அணியும் இறுக்கப் பட்டை, போக்குவரத்து, உடனிருப்பவரின் செலவு ஆகியவற்றுக்கு 26,000 ரூபாய் ஒதுக்குங்கள். சம்பளமில்லாத விடுப்பு பதினைந்து நாள் எடுத்தால் இன்னும் 21,000 ரூபாய் இழப்பு. மொத்தம் ஏறத்தாழ 2,71,000 ரூபாய்.

அந்தப் பதினைந்து நாளை நான் மிகையாகச் சொல்லவில்லை. தாடைக்குக் கீழும் காதைச் சுற்றியும் கீறி, கழுத்துத் தசையை இறுக்கி, மிகுந்த தோலை வெட்டியெடுத்துத் தைக்கும் பெரிய வேலை இது. பொதுவாக இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். வீக்கமும் கன்றிய நிறமும் வெளியே போகும் அளவுக்குக் குறைய இரண்டு வாரம் ஆகலாம். காதோரம் மரத்த உணர்வும் கழுத்தில் இறுக்கமும் பல மாதங்கள்கூட நீடிக்கலாம். தோலுக்கடியில் இரத்தம் தேங்குவது இதில் அஞ்ச வேண்டிய சிக்கல். பெரும்பாலும் முதல் நாளிலேயே நேரும், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கு ஆபத்து கூடும். அப்படி நேர்ந்தால் மறுபடியும் அறுவை அரங்குக்குள் போக வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். விலக்கப்பட்ட சிகிச்சையால் வந்த சிக்கல் என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் அப்போதும் கைவிரிக்கக்கூடும். அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்பதையும் கேட்டறியுங்கள். இந்த இடத்தில் மலிவைத் தேட வேண்டாம். விலை குறைவென்று கொழுப்பை மட்டும் உறிஞ்சியெடுக்கச் சொன்னாலும் ஏற்காதீர்கள். தோல் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் அது இன்னும் தொங்கிவிடக்கூடும், பணமும் வீணாகும்.

இனி இ.எம்.ஐ. விடுப்பு இழப்பைச் சேர்க்காமல் 2,50,000 ரூபாய் கடன் வாங்கினால்கூட மாதம் சுமார் 8,545 ரூபாய் வீதம் 36 மாதம் கட்டுவீர்கள். வட்டி மட்டும் 57,600 ரூபாய், பரிசீலனைக் கட்டணம் தனி. வைப்பு நிதியை உடைப்பது இதைவிட மலிவுதான். ஆனால் கடை வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும் வீட்டில், திருமணச் செலவு நெருங்கும் நேரத்தில், கையில் இருக்கும் ஒரே தற்காப்பை நீங்களே எடுத்துவிடுவீர்கள். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் யோசனை இது. திருமணத்துக்கு முன் வேண்டாம். ஏதேனும் சிக்கல் வந்தால், பெண்ணின் தாயாக நீங்கள் நிற்க வேண்டிய நாளில் கட்டோடு படுத்திருக்க நேரிடும். இ.எம்.ஐ.யாகக் கட்டத் துணிந்த அதே தொகையில் 8,500 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்பில் போடுங்கள். வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 28 மாதங்களில் ஏறத்தாழ 2,56,000 ரூபாய் சேரும். கடனை அடைக்கும் காலத்தைவிட அது எட்டு மாதம் குறைவு. இந்த இடைவெளி உடலுக்கும் நல்லது. எடை சில மாதங்களாவது மாறாமல் நின்ற பிறகே இந்த அறுவையைச் செய்யப் பல மருத்துவர்கள் விரும்புவார்கள், ஏனென்றால் அதன்பின் எடை ஏறி இறங்கினால் தோல் மீண்டும் தளரும்.

தொகை சேர்ந்ததும் அடுத்து வரும் மே மாத விடுமுறையில் தேதி வாங்குங்கள். மதுரை வெயிலில் கழுத்துப் பட்டையோடு இருப்பது சிரமம்தான்; ஆனால் விடுமுறைச் சம்பளம் உங்களுக்கு உண்டென்றால் அந்த 21,000 ரூபாய் மிஞ்சும், மாணவர்கள் முன்னால் வீங்கிய முகத்தோடு நிற்கவும் வேண்டியிராது.