53 வயதில் கம்பூன்றித் தாண்டலாமா?

கேள்வி: எனக்கு 53 வயது. கல்லூரியில் 200 மீட்டர் ஓடியிருக்கிறேன். அந்தக் காலத்தில் பையன்கள் மூங்கில் கம்பை ஊன்றி மணல் குழியில் குதிப்பதைப் பார்த்து, “நானும் தாண்டட்டுமா சார்?” என்று கேட்டேன். “பெண்களுக்கு அந்த ஈவென்ட்டே கிடையாதும்மா” என்று சொல்லிவிட்டார். இப்போது இரண்டு வருடமாக மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தோர் தடகளப் போட்டிகளில் ஓடுகிறேன். 100 மீட்டரை 16.8 வினாடியில் முடிக்கிறேன். போன போட்டியில் பெண்களுக்கான போல்வால்ட் நடப்பதைப் பார்த்ததிலிருந்து பழைய ஆசை தூங்கவிட மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர், “விழுந்து இடுப்பு உடைஞ்சா யார் பார்க்கிறது?” என்கிறார். மகள் சிரிக்கிறாள். இந்த வயதில் தொடங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தொடங்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

உங்கள் சார் அன்று சொன்னது பொய் இல்லை. நானும் மைதானத்தில் அதே பதிலைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பியவள்தான். ஆண்களுக்கு 1896-ல், ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே போல்வால்ட் இருந்தது. பெண்களுக்கு அது வந்தது 2000-ல், சிட்னியில். உலக சாம்பியன்ஷிப்பில் அதற்கு ஒரு வருடம் முன்பு, 1999-ல் செவில் நகரில். நடுவே நூறு வருடத்துக்கு மேல் போய்விட்டது. நீங்கள் கல்லூரியை முடித்து, கல்யாணமும் ஆகியிருக்கும் காலத்தில்தான் அந்தக் கதவு திறந்தது. அதனால் ‘லேட்டாகிவிட்டதோ’ என்ற குறுகுறுப்பு உங்களுக்கு வேண்டாம். லேட்டாக வந்தது அந்தப் போட்டிதான்.

கதவு திறந்த பிறகு நம் பெண்கள் சும்மா இருக்கவில்லை. வி.எஸ்.சுரேகா 2014-ல் 4.15 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். 2022-ல் காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோஸி மீனா 4.20 தாண்டி அதை முறியடித்தார். இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த விளையாட்டைத் தெரிந்த கோச்சுகள் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள் என்பதற்காகவும்தான்.

வயதுக்கு ஒரு உதாரணம் வேண்டுமானால் அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஃப்ளோ மெய்லரைச் சொல்வேன். அவர் போல்வால்ட் தொடங்கியது 65 வயதில். 84 வயதிலும் தாண்டிக்கொண்டிருந்தார். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டது நல்ல கேள்வி. அதைக் கோபத்தோடு ஒதுக்கிவிடாதீர்கள். எங்கே விழுவீர்கள் என்பதுதான் இந்த விளையாட்டில் முதல் கேள்வி. எவ்வளவு உயரம், எந்தக் கம்பு, எந்த வயது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 47 வயதில் எனக்கும் இந்த ஆசை வந்து, ஒரு மைதானத்துக்குப் போனேன். பெட் பழசு. இரண்டு மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மேலே ஒரு தார்ப்பாயை விரித்திருந்தார்கள். பார்க்க ஒரே மெத்தை மாதிரி இருந்தது. மூன்றாவது தாண்டலில் என் கால் நேராக அந்த இரண்டுக்கும் நடுவே இறங்கியது. கணுக்கால் பிசகி ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். தாண்டியது ஒன்றேகால் மீட்டர்கூட இருக்காது. உயரத்தால் எனக்கு அடிபடவில்லை. விரிப்பைத் தூக்கிப் பார்க்காததால் அடிபட்டது.

ஆகவே, மைதானத்துக்குப் போனதும் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மெத்தைகள் ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றனவா, நடுவில் கையை விட்டால் இறங்குகிறதா என்று அழுத்திப் பாருங்கள். அகலமும் நீளமும் குறைந்தது ஐந்து மீட்டராவது இருக்க வேண்டும். கம்பை ஊன்றும் பாக்ஸின் இரண்டு பக்கமும் மெத்தை முன்னால் நீண்டு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கற்பவர் வேகம் போதாமல் அந்த இடத்தில்தான் விழுவார். பாக்ஸின் விளிம்பைச் சுற்றி ஸ்பாஞ்ச் காலர் போட்டிருந்தால் இன்னும் நல்லது. இதில் எது குறைந்தாலும், கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், “இன்றைக்கு வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். லாங்ஜம்ப் மணலில் கம்பைத் தாழ்வாகப் பிடித்து, தரையிலிருந்து கொஞ்சமே எழும்பிக் காலில் இறங்கும் பயிற்சி செய்யலாம், தவறில்லை. மணலுக்கு மேல் பார் (குறுக்குக் கம்பி) வைத்துத் தாண்டுவது மட்டும் கூடவே கூடாது. நம் காலத்துப் பையன்கள் செய்தார்கள் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

ஒரு நாள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெட்டில் அவரையே ஒருமுறை மல்லாக்க விழச் சொல்லுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அதற்கு முன் டாக்டர். ஓடுகிறவர் என்பதால் உங்கள் இதயத்தைப் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். இருந்தாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறையும், அதனால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று அவசியம். அதில் குறை தெரிந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை காத்திருங்கள். தோள்பட்டையையும் காட்டுங்கள். கம்பு பாக்ஸில் முட்டும்போது வருகிற அதிர்ச்சி நேராகத் தோளுக்குத்தான் போகும். கையைக் காதோடு ஒட்டி நேராக மேலே தூக்க முடியவில்லை என்றால், முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வெளியே யாரும் பேசாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற நம்மில் பலருக்கு ஓடும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசியும். வெட்கப்பட்டுக்கொண்டு ஆசையையே விட்டவர்களை எனக்குத் தெரியும். இடுப்படித் தசைகளுக்கு என்றே பயிற்சிகள் இருக்கின்றன, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். கேளுங்கள்.

கண்ணாடி போடுகிறவரா நீங்கள்? மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் சேர்த்துச் செய்த லென்ஸ் என்றால் அதைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். கீழ்ப்பகுதி வழியாகத் தரை மங்கலாகத் தெரியும், பாக்ஸ் இருக்கும் தூரம் ஏமாற்றும். தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைப் பட்டை வைத்துச் செய்துகொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு உயரம் தாண்ட முடியும்? ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஓடிவரும் வேகம்தான் உயரமாக மாறுகிறது. கம்பு அதை மாற்றித் தரும் கருவி. கம்பைத் தூக்கிக்கொண்டு நொடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் வந்தீர்கள் என்றால், அந்த வேகம் முழுவதும் உயரமாக மாறினால், உங்கள் உடல் ஒன்றரை மீட்டர் மேலே போகும். நிற்கும்போதே உடம்பின் எடை மையம் தரையிலிருந்து முக்கால் மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 2.40. ஆனால் ஊன்றும்போது வேகத்தில் ஒரு பங்கு வீணாகும், புதியவருக்கு நிறையவே வீணாகும். அதனால் முதல் வருடம் 1.60, அதிகம் போனால் 1.80 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் அதற்கு அடுத்த வருடத்துக்கு. உங்கள் 16.8 வினாடிதான் இதில் உங்கள் சொத்து, ஓட்டப் பயிற்சியைக் குறைக்காதீர்கள்.

டி.வி.யில் கம்பு வில்லாக வளைவதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை. இந்த உயரத்துக்குக் கம்பு வளைய வேண்டியதில்லை. நேரான கம்பில் தொங்கி, அது நிமிர்ந்து முன்னால் சாய உங்களைக் கொண்டுபோய்ப் பெட்டில் போடும். அவ்வளவுதான். வலது கை பழக்கம் என்றால் வலது கை மேலே, இடது காலில் எழும்ப வேண்டும், உடம்பு கம்பின் வலது பக்கமாகப் போக வேண்டும். எழும்பும் பாதம் மேல்கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பாதம் அதைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கம்பு உங்களைப் பின்னுக்கு இழுக்கும், தோளும் இடுப்பும் சேர்ந்து வலிக்கும். நம் வயதில் வரும் காயங்களில் பல இந்த ஒரு தப்பில்தான் தொடங்குகின்றன என்பது நான் பார்த்தது.

முதல் ஒரு மாதம் நடந்து பழகுங்கள். கம்பை ஏந்தி நடப்பது, ஊன்றுவது, தொங்குவது, மல்லாந்து விழுவது. விழும்போது கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும், அதனால் கைகளை மார்புக்கு மேல் வைத்து முழு முதுகில் விழ வேண்டும். அதைவிட முக்கியம், பாதி வழியில் பயந்து கம்பை விட்டுவிடக் கூடாது. ஏறும்போது வேகம் போதவில்லை என்று தெரிந்தால் கம்பை இரண்டு கையாலும் பிடித்தபடியே ரன்வேயில் காலூன்றி இறங்கிவிடலாம். அந்த இறங்கலைத் தனியாகவே பத்து இருபது தடவை பழகச் சொல்லி உங்கள் கோச்சைக் கேளுங்கள். அப்புறம் மூன்று நான்கு எட்டு ஓடித் தாண்டுவது. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கம்பைத் தொட வேண்டாம். தசை சில வாரங்களில் பலமாகிவிடும். தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். குதிகாலுக்கு மேல் காலையில் இறுக்கம் தெரிந்தால் அன்று ஓய்வு.

கம்பை உடனே வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பிலும் நீளத்தோடு, அது எவ்வளவு எடை ஆளுக்கு என்றும் போட்டிருக்கும். உங்கள் எடையைவிடக் குறைவாகப் போட்டிருக்கும் கம்பைத் தொடவே கூடாது, அது உடையலாம். ரொம்பக் கெட்டியான கம்பு நிமிராமல் உங்களை ரன்வேக்கே திருப்பி அனுப்பும். ஆறு மாதத்தில் உங்கள் பிடியும் வேகமும் மாறிவிடும், அதுவரை மைதானத்துக் கம்பே போதும். நீளமான கம்பை பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோவது பெரும்பாடு என்பதையும் யோசியுங்கள்.

இடம் தேட, உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ‘போல்வால்ட் பெட் எங்கே இருக்கிறது?’ என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள். உடற்கல்விக் கல்லூரிகளையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் இல்லையென்றால் மாதத்துக்கு இரண்டு முறை வெளியூர் போய், மற்ற நாட்களில் வீட்டருகே கம்பியில் தொங்குவது, காலை மேலே தூக்குவது, ஓடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

போட்டியைப் பற்றி. மாஸ்டர்ஸில் வயது ஏற ஏற மற்றவர்களுக்குச் சலுகை உண்டு. பெண்களின் 100 மீட்டர் ஹர்டில்ஸ் 40 வயதில் 80 மீட்டராகிவிடுகிறது, 4 கிலோ குண்டு 50 வயதில் 3 கிலோ ஆகிறது. போல்வால்ட்டில் அப்படிக் குறைக்க ஒன்றும் இல்லை. அதே பாக்ஸ், அதே ரன்வே. ஆனால் எந்த உயரத்தில் தொடங்குவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. தொடக்க உயரம் என்ன என்று முன்பே கேட்டு, சுலபமாகத் தாண்டக்கூடிய உயரத்தில் ஆரம்பியுங்கள். அந்த முதல் உயரத்திலேயே மூன்று தடவை தொடர்ந்து தவறினால் வெளியே, பெயருக்கு நேராக ஒரு எண்கூட இருக்காது. பாரை பாக்ஸின் பின் விளிம்பிலிருந்து 80 சென்டிமீட்டர்வரை பெட்டின் பக்கமாகத் தள்ளி வைக்கச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. தயங்காமல் முழு 80-ஐயும் கேளுங்கள். உள்ளே போய் விழத்தான் அது உதவும்.

ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது 50–54. அதனால் அவசரம் வேண்டாம். இந்த இரண்டு வருடத்தையும் கற்றுக்கொள்ள வைத்துக்கொண்டால், 55-ல் அடுத்த பிரிவில் இளையவராக நுழைவீர்கள். 2025 நவம்பரில் ஆசிய மாஸ்டர்ஸ் போட்டியே சென்னை நேரு ஸ்டேடியத்தில் நடந்தது. பெரிய போட்டிகள் நம் பக்கத்துக்கும் வருகின்றன.

அடுத்த கடிதத்தில் எத்தனை மீட்டர் தாண்டினேன் என்று எழுத வேண்டாம். எந்த மைதானம் கிடைத்தது, விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது பெட் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். காத்திருப்பேன்.