மூன்று தலைமுறையும் ஒரு வார்டும்

ஐயா, வணக்கம்.

மதுரை மத்தியத் தொகுதி பற்றிய உங்கள் கட்டுரையில் பி.டி.ஆர். குடும்பத்தை ரொம்பவே பாராட்டியிருந்தீர்கள். படிக்க எரிச்சலாக இருந்தது. தாத்தா பி.டி.ராஜன் முதலமைச்சர், அப்பா பழனிவேல்ராஜன் சபாநாயகர், பேரன் பழனிவேல் தியாகராஜன் நிதியமைச்சர். இதில் பாராட்ட என்ன இருக்கிறது? என் அப்பா முப்பது வருஷம் கட்சியில் இருந்தவர். பசை வாளி தூக்கிச் சுவரொட்டி ஒட்டியவர். வட்டப் பிரதிநிதிக்கு மேல் போகவில்லை. 2022 மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் அம்மாவுக்கு சீட்டு கேட்டார். பகுதிச் செயலாளரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தம்மா அதுவரை ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. யார் மகன், யார் பொண்டாட்டி என்று பார்த்து ஓட்டுப் போடும் ஜனங்களை என்ன சொல்வது? எழுதுகிறவர்களும் அதற்குத் துணைபோகலாமா?

பெயர் வேண்டாம்,
வில்லாபுரம்.

அன்புள்ள தம்பி,

கோபம் நியாயம்தான். ஆனால் அதை ஓட்டுப் போட்டவர்கள் மேல் காட்டுகிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

தாத்தாவிலிருந்து வருவோம். உத்தமபாளையத்து நிலக்கிழார் குடும்பத்தில் 1892-ல் பிறந்தவர் பி.டி.ராஜன். கேம்பிரிட்ஜில் பள்ளிப்படிப்பு, ஆக்ஸ்போர்டில் கல்லூரி, பிறகு பாரிஸ்டர். 1920-ல், 28 வயதில், சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். அன்றைக்கு மாகாணத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய நான்கு கோடி. ஓட்டுரிமை இருந்ததோ சுமார் 12 லட்சம் பேருக்கு. சொத்து இருந்து வரி கட்டினால்தான் ஓட்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் என் வீட்டுப் பெரியவர்களுக்கும் அநேகமாக அது இருந்திருக்காது. ஆகவே அவருடைய முதல் வெற்றி குடும்பத்தால் வந்தது என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

பிறகு நீதிக்கட்சி ஆட்சியில் அமைச்சரானார். 1936 ஏப்ரல் 4 முதல் ஆகஸ்ட் 24 வரை, முதலமைச்சராக இருந்த பொப்பிலி ராஜா வெளிநாடு போயிருந்த நேரத்தில், இவர் முதலமைச்சர். (நம்மூர் மேடைகளில் ‘முன்னாள் முதல்வர்’ என்று முழங்குகிறவர்கள் அது ஐந்து மாதம்கூட இல்லை என்பதைச் சொல்வதில்லை.) 1937-ல் ஓட்டுரிமை கொஞ்சம் விரிந்து தேர்தல் வந்தது. 215 இடத்தில் 159 காங்கிரசுக்கு. பி.டி.ராஜனும் தோற்றார், பொப்பிலி ராஜாவும் தோற்றார். பக்கத்தில் ராமநாதபுரத்து ராஜாவே முத்துராமலிங்கத் தேவரிடம் தோற்றார். குலத்துக்கும் பெயருக்கும் மயங்குகிற ஜனம் என்றால், கையில் ஓட்டுச்சீட்டு கிடைத்த முதல் காலத்திலேயே இப்படிச் செய்திருக்குமா?

1944-ல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியபோது ராஜன் அந்தப் பக்கம் போகவில்லை. பழைய பெயரிலேயே ஒரு சிறு கூட்டத்தை வைத்துக்கொண்டு இருந்தார். 1952-ல் அந்தப் பெயரிலேயே ஜெயித்துச் சட்டமன்றத்துக்கும் போனார். ஆனால் மதுரை அவரை ஞாபகம் வைத்திருப்பதில் பாதி அரசியலுக்காக அல்ல. 1963-ல் மீனாட்சியம்மன் கோயில் திருப்பணியை முன்னின்று நடத்திக் கும்பாபிஷேகம் செய்துவைத்ததற்காக. பீபிகுளம் பக்கத்து பி.டி.ராஜன் சாலையில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு 1936 தெரியும்?

மகன் பழனிவேல்ராஜன் தி.மு.க.வில் சேர்ந்தார். அப்பா ஏற்காத பாதையில் கிளைத்து வந்த கட்சி. 1996-ல் மதுரை மேற்கில் ஜெயித்துச் சபாநாயகரானார். அந்தச் சபை ஒரு விசித்திரம். அ.தி.மு.க.வுக்கு 4 பேர்தான். எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தவர் கூட்டணிக் கட்சியான தமிழ் மாநில காங்கிரசின் சோ.பாலகிருஷ்ணன். 2006-ல் மதுரை மத்தியில் ஜெயித்து அறநிலையத்துறை அமைச்சராகப் பதவியேற்ற சில நாளிலேயே, மே 20-ம் தேதி, காலமானார்.

உங்கள் கணக்கு இடிக்கிற இடம் இது. அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. தந்தை இறந்த தொகுதி, ஆளுங்கட்சி, அனுதாபம் எல்லாம் இருந்தது. மகன் நிற்கவில்லை. தி.மு.க. சார்பில் சையத் கௌஸ் பாட்சா நின்று ஜெயித்தார். 2011-ல் தொகுதி தே.மு.தி.க.வுக்குப் போனது. பழனிவேல் தியாகராஜன் வந்து நின்றது பத்து வருஷம் கழித்து, 2016-ல். மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதியில் எட்டை அ.தி.மு.க. அள்ளிய தேர்தல் அது. இவர் ஜெயித்தது 5,000-க்குச் சற்று மேற்பட்ட ஓட்டில். 2021-ல் வித்தியாசம் 30,000-ஐத் தாண்டியது. அந்த வருஷம் காற்று அவர்கள் பக்கம் வீசியதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும், பெயருக்காக விழுகிற ஓட்டு என்றால் முதல் தடவை அல்லவா கொட்டியிருக்க வேண்டும்?

சீட்டு பெயரால் கிடைத்தது என்பது வேறு விஷயம். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. வட்டம், பகுதி என்று படியேறி வந்தவர் அல்ல அவர். திருச்சி ஆர்.இ.சி. (இன்றைய என்.ஐ.டி.), அமெரிக்காவில் டாக்டர் பட்டம், எம்.ஐ.டி.யில் எம்.பி.ஏ., லேமன் பிரதர்ஸ், சிங்கப்பூரில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு வங்கி. இதே படிப்பும் அனுபவமும் உள்ள, அப்பா யாரென்று ஊருக்குத் தெரியாத ஒருவர் 2021-ல் 25,000 ரூபாய் கட்டி விருப்ப மனு கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நேர்காணலில் ‘எவ்வளவு செலவு பண்ணுவீங்க’ என்பதைத் தாண்டிப் பேச்சு போயிருக்காது.

நான் பாராட்டியது அவர் உட்கார்ந்த பிறகு செய்த வேலையை. 2021 ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வைத்து, தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்று சபைக்கு வெளியே நிற்கிறவனுக்கும் புரிகிற மாதிரி சொன்னார். கடனைக் குடும்பக் கணக்காக வகுத்துக் காட்டியது சரியா என்று பொருளாதாரக்காரர்கள் சண்டை போடட்டும். டீக்கடையில் வருவாய்ப் பற்றாக்குறை பற்றிப் பேச்சு நடந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. 2023 மே மாதம் நிதித்துறை கைமாறி, தகவல் தொழில்நுட்பத்துக்குப் போனார். அதற்கு முந்தின மாதம் அவர் குரல் என்று சொல்லப்பட்டுக் கிளம்பிய ஆடியோ விவகாரத்தை, புனையப்பட்டது என்று அவர் மறுத்தார். எனக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை.

இனி உங்கள் வார்டுக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் இரண்டே வரியில் கடந்துபோன இடம் அது.

மாநகராட்சியின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. ஐந்து வருஷத்துக்கும் மேல் மதுரையின் 100 வார்டுக்கும் கவுன்சிலரே இல்லை. அந்த நாளில் எம்.எல்.ஏ. அலுவலகங்களின் காலை நேரத்தைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் செருப்புக் குவியல். ஒருவர் கையில் சாக்கடை அடைப்பு மனு, பக்கத்தில் நின்றுபோன முதியோர் பென்ஷன், அதற்குப் பின்னால் பள்ளிக்கூட சீட்டுக்கு லெட்டர்பேடு கடிதம் கேட்டு ஒரு தாய், மஞ்சள் தடவிய காதுகுத்துப் பத்திரிகையோடு ஒரு குடும்பம், ‘கட்டாயம் வரணும்ணே’ என்றபடி. சட்டம் இயற்ற அனுப்பியவரிடம் நாம் கொண்டுபோனது தெரு லைட்டை. அந்த மனுக்களில் பாதி கவுன்சிலர் வீட்டு வாசலில் முடிந்திருக்க வேண்டியவை.

இதில் நஷ்டம் யாருக்கு? வாரிசுக்கு அந்தப் படி வேண்டாம், அவர் நேராகச் சட்டமன்றத்துக்கே போவார். உங்கள் அப்பாவுக்கு இருந்த ஒரே படி கவுன்சிலர் பதவிதான். கையில் தெம்பு இருந்த காலத்தில் அது இல்லாமல் போயிற்று. பிறகு தேர்தல் வந்தபோது வார்டு பெண்களுக்கு ஆகியிருந்தது. அதில் தப்பில்லை, பாதி வார்டு பெண்களுக்கு என்பது சட்டம். அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று உட்கார்ந்து பேசியவர்கள் ஓட்டுப் போட்டவர்கள் அல்ல. பகுதிச் செயலாளரின் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் ஒரே தாளில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர்கள். அடைத்த கதவுக்குள் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். உங்கள் தெருக்காரர்கள் அதற்குப் பிறகுதான் ஓட்டு மெஷின் முன்னால் போய் நின்றார்கள். மூன்று தலைமுறை வாரிசாவது பத்திரிகையில் அடிபடுகிறார், கேள்வி கேட்கப்படுகிறார். வார்டில் நடக்கிற வாரிசு அரசியலை யாரும் எழுதுவதுகூட இல்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பகுதிச் செயலாளர் தன் மனைவிக்குக் கேட்டார், உங்கள் அப்பாவும் தன் மனைவிக்குத்தான் கேட்டார். அந்தம்மா கூட்டத்துக்கு வந்ததில்லை என்கிறீர்கள். உங்கள் அம்மா வந்திருக்கிறாரா, கவுன்சிலராக நிற்க ஆசைப்பட்டாரா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உங்கள் வட்டத்தில் முப்பது வருஷமாக மகளிரணியில் கோலம் போட்டு, ஆரத்தி எடுத்து, பூத்தில் உட்கார்ந்த பெண் யாராவது இருந்தாரா? அவர் பெயர் எந்தத் தாளிலாவது இருந்ததா?

இந்த மாநகராட்சியின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்பா சொல்வதை அல்ல, அம்மா சொல்வதை.