ஐயாவின் (தாத்தாவின்) பழைய கோட் சூட் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதை இப்போது அணியலாமா?

பூர்வீக வீட்டைப் பங்கு பிரித்தபோது டிரங்குப் பெட்டியில் சூட் ஒன்று கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஊர் சொல்லவில்லை, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து ஊராகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால், 'இது ஐயா ரங்கூனில் தைத்தது, யுத்தத்துக்கு முந்தியது' என்று யாரேனும் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் துணியையும் தையலையும் விசாரிக்காமல் நம்பிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் சாம்பல் நிற சூட் ஒன்று உண்டு. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்த சமயத்தில் ஐயா கால்நடையாகப் புறப்பட்டு வந்தபோது கையோடு கொண்டுவந்தது அது என்று பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, விசேஷ வீடுகளில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காடும் மலையும் கடந்து உயிர் பிழைக்க நடந்தவர் கம்பளி சூட்டைச் சுமந்துகொண்டா வந்திருப்பார் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

பெட்டி என் பொறுப்புக்கு வந்ததும், முதலில் கோட்டின் உள் மார்புப் பையைத் திருப்பிப் பார்த்தேன். வாடிக்கையாளர் பெயரையும் தேதியையும் ஒரு துண்டுத் துணியில் மசியால் எழுதி அந்தப் பைக்குள் தைப்பது லண்டன் சாவில் ரோ தெருவின் தையற்காரர்களின் வழக்கம். எங்கள் கோட்டைத் தைத்தவரும் அதையே செய்திருந்தார். தேதி வெளிறிப் போயிருந்தது. பெயருக்கு முன்னால் எங்கள் விலாச எழுத்துகள் (குடும்பத்தின் தொழில் பெயரைக் குறிக்கும் முதலெழுத்துகள்) இருந்தன என்றாலும், விலாசம் ஐயாவுக்கும் அவர் தம்பிக்கும் பொதுவானது என்பதால் அது யாரையும் தனித்துக் காட்டவில்லை. ஆனால் கடையின் லேபிளில் 'பினாங், மலாயா' என்று இருந்தது. மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16 அன்று. மிஞ்சிய லேபிள்களைக் கடைக்காரர் மேலும் சில காலம் தைத்திருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும், சூட் ஏறத்தாழ அதற்கு முந்தியது என்றாகிறது. எவ்வளவு முந்தியது என்பதுதான் கேள்வி.

காற்சட்டையில் ஜிப் இருந்தது. ஆண்களின் தைத்த காற்சட்டைகளுக்கு ஜிப் வரத் தொடங்கியதே 1930களின் நடுவில்தான். (பொத்தான் இருந்தால் பழையது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், பல தையற்காரர்கள் நெடுங்காலம் பொத்தானையே விரும்பினார்கள்.) தீர்ப்புச் சொன்னது துணிதான். உள் தையலில் மிச்சம் விட்டிருந்த துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். முழுக் கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். இதிலோ அந்த நாற்றமும் வந்தது, நுனியில் கெட்டியான மணியும் உருகி நின்றது. அப்படியானால் அது டெரிலின் என்ற பாலியெஸ்டர் இழை கலந்த கம்பளி. வின்ஃபீல்டும் டிக்சனும் இங்கிலாந்தில் அந்த இழையைக் கண்டுபிடித்தது 1941-இல்; அது கடைகளுக்குத் துணியாக வந்து சேர்ந்தது 1950களில். 1942-இல் பர்மாவை விட்டு நடந்தவரிடம் அது இருந்திருக்க வழியே இல்லை. ஒடுங்கிய காலர் மடிப்பும் 1960ஐ ஒட்டிய காலத்துக்கே பொருந்துகிறது. யுத்தத்துக்குப் பிறகு ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போய்வந்த சின்ன ஐயாவின், அதாவது ஐயாவின் தம்பியின், சூட் அது என்பதே என் முடிவு.

இதைச் சொன்னதற்கு, 'ஐயாவின் கோட்டைக் கொளுத்திவிட்டான்' என்று பெயர் வாங்கினேன். கொளுத்தியது வெளியே தெரியாத ஒரே ஒரு நூலை. ஐயாவின் பெருமையைக் குறைத்துவிட்டேன் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பர்மாவில் கொடுத்த கடனும் கைக்கு வந்த நிலமும் போய், வெறுங்கையோடு ஊர் திரும்பி மறுபடி தலையெடுத்தவருக்கு ஒரு கோட்டின் சாட்சியம் தேவையில்லை. செட்டியார்கள் எங்கே சூட் போட்டார்கள் என்று கேட்பவர்களும் வருவார்கள். பெட்டியடியில் (வட்டிக்கடையில்) வேட்டிதான், புகைப்படத்துக்கு வேட்டியின் மேல் கழுத்து மூடிய கோட்டு. ஆனால் வெள்ளைக்கார வங்கிக்கும் கோர்ட்டுக்கும் போய்வந்தவர்களில் சிலர் சூட்டும் தைத்துக்கொண்டார்கள்.

உங்கள் லேபிளில் 'சிலோன்' என்றிருந்தால் 1972க்கு முந்தியதாக இருக்கலாம். 'பர்மா' என்ற பெயர் 1989 வரை நீடித்ததால் அது அதிகம் உதவாது. கம்பளி நூற்கண்டு போன்ற வுல்மார்க் முத்திரை இருந்தால் 1964க்குப் பிந்தியது. பிரிட்டனில் தைத்ததாகவும் சிசி41 (CC41) என்ற யுத்தகால அரசு முத்திரை உள்ளதாகவும் இருந்தால் 1941க்கும் 1952க்கும் இடைப்பட்டது. அங்கே 1942 முதல் 1944 வரை காற்சட்டையின் காலடி மடிப்புக்கும் டபுள் பிரெஸ்ட் (இரட்டை வரிசைப் பொத்தான்) கோட்டுக்கும் தடையே இருந்தது. மார்புப் பகுதியில் மேல்துணியையும் லைனிங்கையும் விரலால் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் அது கையால் தைத்த கேன்வாஸ். ஒட்டிக்கொண்டிருந்தால் பசை வைத்து அழுத்திய பக்ரம்; அது 1960களுக்குப் பின் பரவிய முறை.

அணியலாமா என்றால், தாராளமாக அணியலாம், நான் அணிகிறேன். சித்திரை வெயிலில் அல்ல, மார்கழி, தை மாதங்களில், அல்லது ஏசி போட்ட வரவேற்பில். தோள் சரியாக உட்கார்ந்தால் மட்டும் ஆல்டரேஷனுக்குக் கொடுங்கள், ஏனெனில் இடுப்பையும் கை நீளத்தையும் உள்ளே மடித்த துணியைக் கொண்டு சரிசெய்யலாம், தோளைத் தொட்டால் கோட்டே கெட்டுவிடும். பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு நிறம் மாறித் தெரியலாம் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். காற்சட்டை தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டியது; கேலிஸ் (தோளில் மாட்டும் வார்) போட்டு நிறுத்துங்கள், பெல்ட்டை இறுக்கிக் கீழே இறக்காதீர்கள்.

அந்துப் பூச்சியில் துணியைத் தின்பது புழு. அதனால் அணிவதற்கு முன் காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். பிறகு நிழலில் காற்றாட விட்டு, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குவாளியும் டிரங்குப் பெட்டியும் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் இருந்த கோட்டு மட்டும் கண்ணில் பட்டதில்லை. பங்கு பிரிக்கிறவர்கள் தேக்குத் தூணுக்கு விலை பேசிவிட்டு, துணிமணியைப் பாத்திரம் சுற்றக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் இன்னொரு பெட்டி பூட்டியிருந்தால் சாவியை முதலில் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.