கிராஃபீனில் லித்தியம் தூவினால் மீக்கடத்தி ஆகுமா?

கிராஃபீன், அதாவது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள், தானாக மீக்கடத்தி (மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள்) ஆகாதபோது, வேதிப்பொருள் சேர்த்தால் மட்டும் எப்படி ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். மங்கில் சேர்த்த ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி, கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் விடுவார்கள். சற்று நேரத்தில் பால் உறைந்து, விரலால் அமுக்கினால் துள்ளும். சேர்த்தது துளிதான்.

கிராஃபீனிலும் துளிதான் வேலை செய்கிறது, ஆனால் வழி வேறு. மேலே படியவைத்த லித்தியம் அணுக்கள் எலக்ட்ரான்களைக் கொடுக்கின்றன. அப்புறம் அணு அதிர்வுகளோடு எலக்ட்ரான்களின் பிணைப்பு வலுத்து, அவை ஜோடி சேர்ந்து தடையின்றி ஓடுகின்றன. 2015-இல் சுமார் 5.9 கெல்வினில் (ஏறக்குறைய மைனஸ் 267 டிகிரி செல்சியஸ்) இதற்கான அடையாளம் கிடைத்தது. கிராஃபீன் தாள்கள் அடுக்கிய கிராஃபைட்டுக்குள் கால்சியம் நுழைத்தால், 11.5 கெல்வினிலேயே மீக்கடத்தல் வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2020-இல் வந்த நியோபியம் கார்பைடு மென்தகடு, அதாவது நியோபியம் உலோகமும் கார்பனும் சேர்ந்த மெல்லிய தாள். மேற்பரப்பில் ஒட்டியிருப்பது குளோரினா கந்தகமா என்பதைப் பொறுத்தே மீக்கடத்தல் மாறுகிறது!